காசநோய்க் கிருமியை இனங்காணல்

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் டியூபர்குளோசிஸ் என்ற பாக்டீரியாவை நோயாளியின் சளியிலோ பிற மாதிரிகளிலோ தேடி உறுதிசெய்யும் ஆய்வகப் பணி. இதன் வரலாற்றைக் கிருமியின் இரண்டு இயல்புகளே பெரிதும் தீர்மானித்திருக்கின்றன. ஒன்று, அதன் செல்சுவரில் உள்ள மைக்காலிக் அமிலம் என்னும் மெழுகுப் பொருள். இதனால் வழக்கமான சாயங்கள் உள்ளே எளிதில் இறங்குவதில்லை. மற்றொன்று, அதன் மந்தமான வளர்ச்சி. ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகப் பிளந்துவிடும். இதற்கோ 15 முதல் 20 மணி நேரம் பிடிக்கிறது.

காசநோய் பரம்பரையாக வருவது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், நோயுற்ற திசுவை விலங்குகளின் உடலில் செலுத்தி அது தொற்றக்கூடியது என்று பிரான்சின் வில்லெமின் 1865-இல் காட்டினார். தொற்றுவது எது என்பதை 1882 மார்ச் 24 அன்று பெர்லின் உடலியங்கியல் கழகக் கூட்டத்தில் ராபர்ட் கோச் அறிவித்தார். காரம் கலந்த மெத்திலீன் நீலத்தில் ஸ்லைடை 24 மணி நேரம் ஊறவிட்டு, பிறகு வெசுவின் என்ற பழுப்புச் சாயத்தை ஊற்றினார். திசு முழுதும் பழுப்பாக மாற, கிருமிகள் மட்டும் நீலக் கோல்களாகத் தெரிந்தன.

ஆனால் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டிய இந்த முறை மருத்துவமனைக்கு உதவாது. அதே ஆண்டில் பால் எர்லிக் அனிலின் கலந்த சாயத்தைப் பயன்படுத்தினார். சாயம் ஏறியபின் அமிலம் ஊற்றினால் மற்றதெல்லாம் நிறமிழக்க, இந்தக் கிருமி மட்டும் சாயத்தை விடாமல் பிடித்துக்கொள்வதைக் கண்டார். சாயம் உள்ளே நுழைவதைத் தடுத்த அதே மெழுகுதான், நுழைந்த சாயம் வெளியேறுவதையும் தடுக்கிறது. இடைஞ்சலாக இருந்த ஒன்றையே அடையாளமாக மாற்றிய இந்தக் கவனிப்பு, கோச்சின் அறிவிப்புக்குச் சற்றும் குறைந்ததல்ல. சில ஆண்டுகள் கழித்து எர்லிக் தமது சளியிலேயே தம் முறையால் இந்தக் கிருமியைக் கண்டு, ஓய்வுக்காக எகிப்துக்குப் போனார்.

அனிலினுக்குப் பதில் கார்பாலிக் அமிலத்தைச் சேர்த்தவர் சீல். அதில் ஃபுக்ஸின் என்ற சிவப்புச் சாயத்தைக் கலந்தவர் நீல்சன். 1883-க்குள் உருவாகிவிட்ட சீல்-நீல்சன் முறை இன்றும் நம்மூர் ஆய்வகங்களில் நடக்கிறது. சளியில் கட்டியான, மஞ்சள் படிந்த பகுதியைக் குச்சியால் எடுத்து ஸ்லைடில் தேய்த்து, உலர்ந்ததும் சுடரில் காட்டிப் பதியவைப்பார்கள். சிவப்புச் சாயத்தை ஊற்றி அடியிலிருந்து சூடேற்றும்போது ஆவி எழ வேண்டும், கொதித்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்துக் கழுவி, கந்தக அமிலம் ஊற்றி, கடைசியாக மெத்திலீன் நீலம். எண்ணெய் வைத்துப் பார்க்கும் லென்சின் கீழே நீலப் பின்னணியில் சற்றே வளைந்த மெல்லிய சிவப்புக் கோல்கள் தெரிந்தால் ‘ஏ.எஃப்.பி. (அமிலத்துக்கு நிறமிழக்காத கோல்) பாசிட்டிவ்’. ஒன்றுமே தென்படவில்லை என்றால் குறைந்தது 100 பார்வைப்புலங்களையாவது தேடிய பிறகே ‘நெகட்டிவ்’ என்று எழுதலாம். வரிசையில் ஸ்லைடுகள் காத்திருக்க, களைத்த கண்ணோடு அந்த நூறையும் முடிக்கும் லேப் டெக்னீஷியனின் பொறுமையில்தான் இந்த முறையின் நம்பகம் அடங்கியிருக்கிறது. 1930-களின் இறுதியில் வந்த ஆரமைன் ஒளிர் சாயம் குறைந்த உருப்பெருக்கத்திலேயே கிருமியைக் காட்டி வேலையைச் சுருக்கியது.

சளிப் பரிசோதனைக்கு ஒரு பெருங்குறை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ 5,000 முதல் 10,000 கிருமிகள் இருந்தால்தான் அவை கண்ணில் படும். அதற்கும் குறைவாக உள்ளவர்களைக் கண்டுபிடிக்கக் கல்ச்சர், அதாவது கிருமியை ஊடகத்தில் வளர்த்துப் பார்ப்பது, தேவை. கோச் சூடாக்கி உறையவைத்த இரத்தச் சீரத்தில் வளர்த்தார். 1930-களின் தொடக்கத்தில் லோவென்ஸ்டைனும் யென்சனும் உருவாக்கிய முட்டை ஊடகம் நிலைத்துவிட்டது. அதில் சேர்க்கும் மாலகைட் பச்சை மற்ற பாக்டீரியாக்களை அடக்கிவைக்கும். வாய்க்கிருமிகள் முந்திக்கொள்ளாதபடி சளியை முதலில் சோடியம் ஹைட்ராக்சைடில் பக்குவப்படுத்த வேண்டும். அதிக நேரம் விட்டால் தேடும் கிருமியும் செத்துப்போகும். மூன்று முதல் எட்டு வாரங்களில் பச்சைச் சரிவின்மேல் வெளிறிய, சொரசொரப்பான திட்டுகள் தோன்றும்.

இந்தக் கல்ச்சர் மேசையில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை சேர்ந்து 1956-இல் இங்கு காசநோய் மருந்தாய்வு மையத்தை நிறுவின. அதுவே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள் என்று 1959-இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. அந்த முடிவுக்கு முக்கியச் சான்றாக நின்றவை மீண்டும் மீண்டும் சோதித்த சளியும் கல்ச்சரும்தான். சென்னை நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுத்த கிருமிகளில் பல, பிரிட்டனில் கிடைத்தவற்றைவிடக் கினிப்பன்றிகளில் வீரியம் குறைந்திருப்பதும் அப்போது தெரியவந்தது. கினிப்பன்றிக்கு நோய் வருகிறதா என்று பார்த்து முடிவுகட்டும் பழைய பழக்கத்துக்கு அது ஓர் எச்சரிக்கை.

பின்னர் திரவ ஊடகங்கள் காத்திருப்பைக் குறைத்தன. ஊடகத்திலிருந்து எடுத்துக் கிருமி வெளியிடும் கதிரியக்கக் கார்பனையும், அடுத்த தலைமுறையில் அது உட்கொள்ளும் ஆக்சிஜனையும் கருவி அளந்தது. 1998-இல் சுமார் 44 லட்சம் எழுத்துகள் கொண்ட முழு மரபணுத் தொகுதி வெளியானது. 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை, சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்பதையும் ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. ஆர்பிஓபி என்ற மரபணுவின் ஒரு சிறு பகுதியில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் உத்தி. கோவாவில் தயாராகி, பேட்டரியில் இயங்கும் ட்ரூநாட் கருவிக்கு 2020-இல் அதே நிறுவனத்தின் ஒப்புதல் கிடைத்தது. குளிர்சாதன அறை இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மரபணுச் சோதனை செய்ய முடிவது இதன் பெரும் பயன்.

ஆனால் மரபணுச் சோதனை செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் காட்டும். ஆகவே சிகிச்சை பலிக்கிறதா என்று பின்தொடர்ந்து பார்க்க இன்றும் சளி ஸ்லைடையும் கல்ச்சரையுமே நாட வேண்டியிருக்கிறது. குழந்தைகள் விஷயத்தில் சிக்கல் இன்னும் முன்னதாகவே தொடங்குகிறது: அவர்கள் சளியைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள், அவர்களின் மாதிரியில் கிருமியும் குறைவு. அதிகாலையில் வெறும் வயிற்றில் குழாய் விட்டு இரைப்பை நீரை எடுப்பது நெடுங்கால வழக்கம். குழந்தைக்கும் தாய்க்கும் அது வேதனையான காரியம். விழுங்கிய கிருமியின் மரபணு மலத்திலும் வெளிவருவதால், இப்போது மல மாதிரியிலேயே ஜீன்எக்ஸ்பெர்ட் சோதனை செய்ய உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது.