மணலில் எழுதிய பாடம்

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1968ல் வானத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். 1986 ஜனவரி 6ந் தேதி, 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அதற்காகப் பாடுபட்ட விஞ்ஞானி வைணு பாப்பு 1982லேயே காலமாகிவிட்டார். கோடானுகோடி மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் ஒளி அந்த மலைக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஆனால், 2020ல் கொரோனாவுக்கு அஞ்சிப் பள்ளிக்கூடங்களை மூடிப் பாடங்களைக் கைப்பேசியில் நடத்தியபோது, அதே மலையின் பல குக்கிராமங்களுக்குக் கைப்பேசி அலை வந்து சேரவில்லை.

அந்த மலையில் வெகுகாலம் வேலை பார்த்த உபாத்தியாயர் ஒருவரை நான் அறிவேன். யந்திரம் என்றாலே அவருக்கு ஆகாது. 2011ல் அரசாங்கம் மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2019ல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. இரண்டு சமயமும் அவர் சொன்னது ஒன்றுதான்: "சாக்பீஸுக்குக் கரண்ட் வேண்டாம் சார்!"

இதைப் பழமைப் பித்து என்று தள்ளிவிடலாம். ஆனால் சென்னை எழும்பூரில் நடந்த ஒரு பழைய கதையைத் தெரிந்துகொண்டால் அப்படித் தள்ள மனம் வராது.

1789ல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட பள்ளிக்கு ஆண்ட்ரு பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் தலைவரானார். ஒருநாள் குதிரையில் போகும்போது, நம் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதுவதைக் கண்டார். காகிதச் செலவில்லை, தப்பாக எழுதினால் கையால் தடவி அழித்துவிடலாம். நம் திண்ணைப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக இருந்த இந்தச் சாதனம் பெல்லுக்குப் புதுமையாகப் பட்டது. உடனே தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார்.

அரிச்சுவடி வகுப்பின் துணை உபாத்தியாயரோ, இது நடக்காத காரியம் என்று கூறிவிட்டார். பெல் விவாதம் செய்யவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். பையன் கற்றுக்கொடுத்தான். பிள்ளைக்குப் பிள்ளையே வாத்தியார் என்ற 'மெட்ராஸ் முறை' இப்படிப் பிறந்தது. 1797ல் பெல் அதை லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். 1811ல் ஏற்பட்ட தேசியச் சங்கம் இங்கிலாந்து முழுவதும் அதைப் பரப்பியது. அவர் விட்டுச் சென்ற பணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளிக்கு இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றுதான் பெயர்.

அந்த முறைக்கு ஏன் அத்தனை வரவேற்பு? நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒரே ஓர் ஆசிரியர் போதும், செலவு மிச்சம்! துணை உபாத்தியாயர் ஏன் மறுத்தார் என்று எனக்கு இப்போது புரிகிறது. மணலின்மீது அவருக்கு விரோதம் இருந்திருக்காது. தம் நாற்காலி ஆடுவதை அவர் உணர்ந்திருக்க வேண்டும்.

மலை உபாத்தியாயரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எனக்கும் அந்தப் பயம்தான் சார். டி.வி. பெட்டி இருக்கிறதே, ஐந்து வகுப்புக்கு ஒரு வாத்தியார் போதாதா என்று கேட்டுவிட்டால்?" என்றார்.

அவர் மனத்தை மாற்றியது அந்தக் கொரோனாக் காலம். அடிவாரத்தில் தம் கைப்பேசியில் பாடங்களை நிரப்பிக்கொண்டு, கிராமம் கிராமமாக ஏறிப் போனார். கைப்பேசியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தால், ஐந்தாவது நிமிஷம் சினிமாப் பாட்டுத் தேடினார்களாம். பக்கத்தில் உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டபோது பாடம் நடந்தது.

"இத்தனை வருஷமாகக் கரும்பலகையில் அலை அலையாகக் கோடு போட்டு, இதுதான் கடல் என்றேன். அன்றைக்கு நிஜக் கடலைக் காட்டினேன். ஒரு பெண், 'இது ஓயவே ஓயாதா சார்?' என்று கேட்டது. நான் போட்ட கோட்டைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதில்லை."

இப்போது அவர் யந்திரத்தை வெறுக்கவில்லை, முழுக்க நம்பிவிடவுமில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்குக் கைப்பேசி பதில் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். மலைக் கிராமங்களுக்கெல்லாம் அலைக் கோபுரம் வரட்டும். அது வந்துவிட்டது என்ற காரணத்தைக் காட்டி, மலையேறிப் போகும் ஓர் உபாத்தியாயரையும் குறைக்காமலிருக்க வேண்டும்.