வலிப்பை நிறுத்தியது இரும்பா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஊர்ச் சபையில் யார் அமரலாம், யார் அமரலாகாது என்று முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அங்கே கல்லில் வெட்டி வைத்தார்கள். கணக்குக் காட்டாதவருக்குச் சபையில் இடமில்லை என்பது அவ்விதிகளுள் ஒன்று.

எந்தக் கல்லிலும் எழுதப்படாத விலக்கு ஒன்றும் நம் ஊர்களில் உண்டு. வகுப்பில் ஒரு சிறுமி வலிப்பு வந்து விழுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் அவளருகில் உட்கார யாரும் முன்வருவதில்லை. “குணமான பிறகு அனுப்புங்கள்” என்று பெற்றோரிடம் சொல்லிவிடுகிறார்கள். அவளுடைய படிப்பு அத்துடன் நின்றுபோகிறது. அவள் செய்த குற்றம் என்ன?

அவள் விழுந்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். யாரோ ஓடிப்போய்ச் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தார். சற்று நேரத்தில் உதறல் அடங்கியது. “இரும்பு பட்டதும் நின்றுவிட்டது, பார்த்தீர்களா!” என்றார்கள். உண்மையில், பெரும்பாலான வலிப்புகள் ஒன்றிரண்டு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அந்த நேரம் கழிந்துவிடுகிறது. கையில் வாழைப்பழத்தைக் கொடுத்திருந்தாலும் வலிப்பு நின்றிருக்கும்!

இந்நோய்க்குத் தமிழில் ‘முயலகன்’ என்றும் பெயர் உண்டு. கொல்லி மழவனின் மகளைப் பற்றிய அந்நோயைச் சம்பந்தர் தீர்த்ததாகப் பெரியபுராணம் கூறுகிறது. நடராசர் திருவடியின் கீழ்க் கிடக்கும் குறள் உருவத்தின் பெயரும் அதுவே. வடமொழியில் இதனை ‘அபஸ்மாரம்’ என்பர். நினைவிழப்பு என்பது பொருள். கிரேக்கரோ இதைத் தெய்வங்களால் வரும் ‘புனித நோய்’ என்றனர். ஆனால் ஏறத்தாழ கி.மு. 400இல், இப்போகிரேட்டசின் பெயரால் வழங்கும் நூலொன்று அதை மறுத்தது. இதுவும் மற்ற நோய்களைப் போன்றதே, இதன் இருப்பிடம் மூளையே என்று வாதிட்டது.

அது உண்மையென நிலைநாட்டப்பட இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1873இல் இங்கிலாந்து மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன், மூளையின் நரம்புத் திசுவில் திடீரென, அளவுக்கு மீறி ஏற்படும் பாய்ச்சலே வலிப்பு என்று விளக்கினார். மனித மூளையின் மின் அலைகளை 1924இல் முதன்முதலாகப் பதிவு செய்த ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர், 1929இல் அதை வெளியிட்டார். மருந்துகளும் வந்தன: 1857இல் புரோமைடு, 1912இல் ஃபீனோபார்பிடோன், 1938இல் ஃபெனிடாய்ன்.

நம் நாட்டு மருத்துவர்களின் பங்கும் சிறிதன்று. வலிப்பு வந்தவர்களின் மூளையில் சி.டி. படம் காட்டிய சிறு கட்டிகளை ஒரு காலத்தில் காசநோய்க் கட்டிகள் என்றே பலர் எண்ணினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அத்தகைய கட்டிகளை எடுத்துச் சோதித்தபோது, பலவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம் பருவம்! அதன் முட்டைகள் மனித மலத்தின் வழியே நீரிலும் காய்கறியிலும் கலந்து வயிற்றை அடைகின்றன. ஆகவே புலால் உண்ணாதவருக்கும் இது வரலாம். கழிப்பிடமும் கைகழுவுதலும் இதைத் தடுக்கும். வலிப்பு வந்த சிறுமியைத் தொடுவதால் எவருக்கும் வலிப்பு வராது.

கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் மருத்துவர் கே. எஸ். மணியும் குழுவினரும் நடத்திய ஆய்வு 2001இல் வெளியாயிற்று. விலை குறைந்த அந்தப் பழைய மருந்துகளாலேயே கிராமத்தாருள் பலருக்கு வலிப்பு அடங்கியதை அது காட்டியது. முறையான சிகிச்சை கிடைத்தால் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அறிவியல் இவ்வளவு தூரம் வந்தபின்னும் சட்டம் தயங்கி நின்றது. 1976இல் இந்துத் திருமணச் சட்டத்தில், திருமணத்துக்குத் தடையானவற்றுள் ஒன்றாக வலிப்பும் சேர்க்கப்பட்டது. அச்சொல் 1999இல்தான் நீக்கப்பட்டது.

இனி வகுப்பறைக்கு வருவோம். தோழி வலிப்பு வந்து விழுந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அருகிலுள்ள பெஞ்சு, கல் முதலியவற்றை விலக்குங்கள். தலைக்கடியில் மெத்தென்று ஏதேனும் வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும். கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீரும் வேண்டாம். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108ஐ அழையுங்கள். விழித்ததும் அவளுக்குக் குழப்பமாக இருக்கும். முழு நினைவு திரும்பும் வரை அருகிலேயே இருங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். எல்லா வலிப்பும் கீழே தள்ளாது. பாடத்தின் நடுவே சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, பின் ஒன்றும் நடவாததுபோல் எழுதத் தொடங்கும் பிள்ளையை ‘பராக்குப் பார்க்கிறான்’ என்று அதட்டுகிறோம். அதுவும் வலிப்பாக இருக்கலாம். அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடியவர் நீங்களே.

அவள் மாத்திரையை நாள் தவறாமல் உண்ண வேண்டும்; மருத்துவர் சொல்லாமல் நிறுத்தலாகாது. உத்திரமேரூர் ஏரியிலோ கிணற்றிலோ தனியே குளிக்க வேண்டாம். மற்றபடி அவள் படிக்கலாம், பாடலாம், ஓடி விளையாடலாம்.

சபையில் அமரத் தகுதி எது என்பதை அன்று கல்லில் வெட்டினார்கள். வகுப்பில் அமர, பிள்ளையாக இருப்பதைத் தவிர வேறு தகுதி வேண்டுமா?