வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியும் சமய உரிமையும் (1806)

வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 விடியுமுன் கிளர்ச்சி வெடித்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைத் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் பிறப்பித்த உடை விதிகளே உடனடிக் காரணம். அணிவகுப்பில் நெற்றிக்குறியும் கடுக்கனும் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றன அவை. புதிய தலைப்பாகையில் தோல் குஞ்சம் வேறு. அது பசுத்தோலா, பன்றித்தோலா என்ற ஐயம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இரு சாராரையும் ஒருசேரப் புண்படுத்தியது. மே மாதமே மறுத்தவர்களுக்குக் கசையடி கிடைத்தது. குறையைக் கேட்டிருந்தால் இரத்தம் சிந்தியிருக்காது. கோட்டையில் காவலில் இருந்த மைசூர் மன்னர் திப்பு சுல்தானின் பிள்ளைகளைச் சதிகாரர்களாக்கிய விளக்கம் இந்த அவமதிப்பை மறைத்துவிடுகிறது.

ஆற்காட்டிலிருந்து விரைந்த பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கியது. விதிகள் திரும்பப் பெறப்பட்டன. 1807இல் கிரடாக்கும் சென்னை ஆளுநர் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

வேலூர்க் கிளர்ச்சிக்கு முன்பே, 1776இல், அமெரிக்காவின் வர்ஜீனியா தன் உரிமைப் பிரகடனத்தின் 16ஆம் பிரிவில் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றும் உரிமையை எழுதிவைத்தது. வேலூர்ச் சிப்பாய்க்கு அப்படி எந்த ஏடும் இல்லை. 1858இல் விக்டோரியா அரசியின் பிரகடனம் சமயத்தில் தலையிடுவதில்லை என்று வாக்களித்தது. அதுவும் அரசியின் அருளாகவே வந்தது. வழக்காடிப் பெறத்தக்க உரிமையாக அதை நிலைநாட்டியது 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 25ஆம் உறுப்பு. பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்ட இந்த உரிமையில் சீக்கியர் கிர்பான் அணிவதும் அடங்கும் என அதன் விளக்கம் கூறுகிறது.