படைமருத்துவ அனுபவமும் மருத்துவ உதவியாளர் கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளியைச் சோதித்து, நோயறிதலிலும் சிகிச்சையிலும் துணைநிற்பவர் மருத்துவ உதவியாளர். இப்பணிக்கான தனிக்கல்வி அமெரிக்காவில் 1965இல் தோன்றியது. ஆயினும், படையின் தேவையிலிருந்து இத்தகைய கல்வி பிறப்பதற்குச் சென்னை மாகாணம் 130 ஆண்டுகளுக்கு முன்னரே சான்றாக விளங்கியது. அம்மாகாணத்தின் வடஆர்க்காட்டில் 1911 வரை அடங்கியிருந்த சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்வைத்து இத்தொடர்பை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னையின் முன்னோடி

1835இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மருத்துவப் பள்ளியின் முதல் நோக்கம் பொதுமக்களுக்கு மருத்துவர்களை உருவாக்குவதன்று. கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கு வேண்டிய அப்பாதிக்கரிகளையும் டிரசர்களையும் பயிற்றுவிப்பதே ஆகும். புண்ணுக்குக் கட்டிடுபவர் டிரசர். மருந்து கலந்தளித்து மருத்துவருக்குத் துணைபுரிபவர் அப்பாதிக்கரி. 1850இல் அப்பள்ளி மருத்துவக் கல்லூரியாயிற்று. படைக்கென எழுந்த கல்வி காலப்போக்கில் மக்களுக்குரியதாக விரிந்தது. 1943 ஏப்ரல் 3இல் படைசார் மருத்துவப் பிரிவுகள் ஒருங்கிணைக்கப்பட்டு, இன்றைய இராணுவ மருத்துவப் படைக்கு வித்திடப்பட்டது. அப்படையில் செவிலிய உதவியாளர் என்பது தனித்ததொரு பணிப்பிரிவாகும்.

முன்னாள் வீரர்களின் வகுப்பறை

அமெரிக்காவில் மருத்துவர் பற்றாக்குறை நிலவியபோது, படையில் காயமுற்றோரைப் பேணிய வீரர்கள் ஊர் திரும்பியதும் தம் திறனுக்கேற்ற பணியின்றி நின்றனர். இவ்விரு குறைகளையும் இணைத்துக் கண்டவர் டியூக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூஜின் ஸ்டெட். அவர் 1965இல் தொடங்கிய வகுப்பின் முதல் மாணவர் நால்வரும் கடற்படையில் மருத்துவப் பணியாற்றியவர்கள். அவர்களுள் மூவர் 1967 அக்டோபர் 6இல் பட்டயம் பெற்றனர். 1969இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் தொடங்கிய மெடெக்ஸ் திட்டமும் முன்னாள் படைமருத்துவ வீரர்களையே தேர்ந்து, மருத்துவர்களுடன் இணைத்துப் பயிற்றுவித்தது. களத்தில் பெற்ற அனுபவமே இவ்விரு திட்டங்களிலும் நுழைவுத் தகுதியாக மதிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இந்தியாவில் விடுபட்ட கண்ணி

இக்கல்வி 1992இல் இந்தியாவிற்கு வந்தது. சென்னையிலுள்ள மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் இதய அறுவை மருத்துவர் கே.எம்.செரியன் இதனைத் தொடங்கினார். பின்னர், 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவ வல்லுநர் ஆணையச் சட்டம் இப்பணியையும் தன் பட்டியலில் சேர்த்தது. கல்வி வந்தது, சட்ட ஏற்பும் வந்தது. ஆனால் அக்கல்வி தோன்றக் காரணமான முன்னாள் வீரர் மட்டும் வரவில்லை. மேல்நிலைக் கல்வியில் பெற்ற மதிப்பெண்ணே பொதுவாக நுழைவாயிலாக அமைந்தமையால், படைமருத்துவமனையில் பல்லாண்டு பணிபுரிந்தவரும் பள்ளி முடித்த மாணவரும் ஒரே வாயிலில் நிற்க நேர்கிறது.

முடிவுரை

சித்தூர், திருப்பதிப் பகுதியில் இக்குறையைக் களைவதற்கான களம் உண்டு. 1995இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமும், 2021இல் சித்தூரில் தோன்றிய அப்போலோ பல்கலைக்கழகமும் துணை மருத்துவப் படிப்புகளை நடத்துகின்றன. ஓய்வுபெற்ற இராணுவச் செவிலிய உதவியாளர்களின் அனுபவத்தை அளவிட்டு, எஞ்சியதை மட்டும் கற்பிக்கும் இணைப்புப் படிப்பொன்று இத்தகைய நிறுவனங்களில் அமையுமாயின், மருத்துவர் அரிதாகிய சிற்றூர்கள் பயன்பெறும். படைக்காக மக்களைப் பயிற்றுவித்தது 1835. படையில் பயின்றோரை மக்களுக்காகப் பயன்கொள்வதே இன்று எஞ்சியுள்ள பணி எனலாம்.