கம்பெனிப் பணமும் கட்சிக் கல்லாவும்

இன்னைக்கு எபிசோடை ரெண்டு பிடிஎஃப் ஃபைல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

2024 மார்ச் 14 ராத்திரி. தேர்தல் ஆணையம் தன்னோட வெப்சைட்ல தேர்தல் பத்திர விவரங்களை வெளியிட்டது. ஒரு ஃபைல்ல பத்திரம் வாங்கினவங்க பேர், தேதி, தொகை. இன்னொரு ஃபைல்ல அதைப் பணமா மாத்தின கட்சிகளோட பேர், தேதி, தொகை. ரெண்டையும் டேபிளா மாத்தி ஒரு ஜாயின் போட்டுப் பார்க்கலாம்னு லேப்டாப்போட உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்துல புரிஞ்சுபோச்சு. ஜாயின் பண்ண கீ இல்ல. ஒரு கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கின கம்பெனி தெரியுது. ஒரு கோடி ரூபாய் வரவு வெச்ச கட்சியும் தெரியுது. இந்தக் கோடிதான் அந்தக் கோடியான்னு சொல்ல வழியில்ல.

கம்பெனிகள் கட்சிகளுக்குத் தர்ற பணத்துக்கு இந்தியாவுல சட்டம் வெச்ச வரம்புகளோட வரலாற்றைப் படிச்சா, கடைசியில எல்லாமே இந்தக் காணாமப்போன கீ-யிலதான் வந்து நிக்குது. எப்படின்னு சொல்றேன்.

1957-க்குப் போவோம். டாடா இரும்பு எஃகு கம்பெனி, அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தர்றதுக்கு வசதியா தன்னோட மெமோரண்டத்தை மாத்த விரும்புச்சு. மெமோரண்டம்னா, ஒரு கம்பெனி என்னென்ன செய்யலாம்னு எழுதி வெச்சிருக்கிற அடிப்படை ஆவணம். அந்த வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்துச்சு. தலைமை நீதிபதி எம்.சி. சாக்லா என்ன சொன்னார்னா, இதைத் தடுக்கிற சட்டம் எதுவும் இல்ல, அதனால நீதிமன்றம் தடுக்க முடியாது. ஆனா அதோட நிறுத்தல. இது இப்படியே வளர்ந்தா ஒருநாள் ஜனநாயகத்தோட கழுத்தையே நெரிச்சிடும், நாடாளுமன்றம் இதைப் பத்தி யோசிக்கணும்னு எச்சரிச்சார்.

இதுல நமக்கு என்ன? கம்பெனிப் பணம்ங்கறது முதலாளியோட சொந்தப் பணம் இல்ல, பங்குதாரர்களோட பணம். மாசாமாசம் மியூச்சுவல் ஃபண்டுல எஸ்ஐபி போடுற நீங்களும் நானும் அந்தக் கம்பெனிகளோட லாபத்துல ஒரு துளியை நம்பித்தான் இருக்கோம். உங்களுக்குப் பிடிக்காத கட்சிக்கு உங்க துளியும் சேர்ந்தே போகலாம். உங்களை யாரும் கேட்கப்போறதில்ல. குறைந்தபட்சம் சொல்லவாவது செய்யணும் இல்லையா?

1960-ல அதுக்கு ஒரு பதில் வந்துச்சு. கம்பெனிகள் சட்டத்துல 293ஏ பிரிவைச் சேர்த்தாங்க. 25,000 ரூபாய், இல்லன்னா முந்தைய மூணு வருஷ சராசரி நிகர லாபத்துல 5 சதவீதம், இதுல எது அதிகமோ அதுவரைக்கும் கொடுக்கலாம். எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தீங்கன்னு லாப நஷ்டக் கணக்குல காட்டணும். அதாவது ரெண்டு பூட்டு. ஒண்ணு தொகைக்கு, இன்னொண்ணு பேருக்கு. இதை ஞாபகத்துல வெச்சுக்கோங்க.

அடுத்து, ஊழல் தடுப்பு பத்தி ஆராய ஒரு குழு அமைச்சாங்க. தலைவர் நம்ம ஊர்க்காரர், கே. சந்தானம். கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் தர்றதை மொத்தமா தடை செய்யணும்னு 1964-ல அந்தக் குழு பரிந்துரைச்சது. உடனே எதுவும் நடக்கல. 1967 தேர்தல் வந்துச்சு. மக்களவையில காங்கிரஸ் 283 இடத்துக்கு இறங்குச்சு. சென்னை மாகாணத்துல ஆட்சியே போச்சு. ராஜாஜி ஆரம்பிச்ச சுதந்திரா கட்சி 44 இடம் வாங்குச்சு. லைசென்ஸ் ராஜ்ஜியத்தை எதிர்த்த அந்தக் கட்சிக்குத் தொழிலதிபர்களோட ஆதரவு இருந்தது ரகசியமே இல்ல.

1969-ல இந்திரா காந்தி அரசு தடையைக் கொண்டு வந்துச்சு. ஊழலை ஒழிக்கவா, எதிர்க்கட்சியோட கல்லாவை மூடவா? வரலாற்றாளர்கள் ரெண்டு காரணத்தையும் சொல்றாங்க. எனக்கு முக்கியமாப் படுறது வேற. செக் போறதை நிறுத்தின அரசு, தேர்தல் செலவுக்கு மாற்று வழி எதையும் கொடுக்கல. கட்சிகளுக்குப் பணத்தேவை அப்படியே இருந்துச்சு. ஒரு ஆலையை விரிவாக்கணும்னாலும் அரசாங்கத்தோட லைசென்ஸ் வேணும்ங்கற காலம் அது. அதனால செக்குக்குப் பதிலா பெட்டி போச்சு. கட்சி மாநாட்டு மலர்ல முழுப்பக்க விளம்பரம்ங்கற பேர்லயும் போச்சு. தொகைக்கு வரம்பு பூஜ்யம். ஆனா கணக்குல இருந்த கட்சியோட பேரும் அதோடயே மறைஞ்சுடுச்சு.

பதினாறு வருஷம் இப்படியே ஓடுச்சு. 1985-ல ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கி, மறுபடி 5 சதவீத வரம்பைக் கொண்டு வந்துச்சு. இயக்குநர் குழு தீர்மானம் போடணும், கணக்குல காட்டணும், அரசு நிறுவனங்கள் தரக்கூடாது. அந்த மாநாட்டு மலர் விளம்பரத்தையும் நன்கொடையாவே கணக்குல எடுத்துக்கிட்டாங்க. 2003-ல நன்கொடைக்கு வருமான வரி விலக்கு வந்துச்சு. 2013 கம்பெனிகள் சட்டத்தோட 182-வது பிரிவு வரம்பை 7.5 சதவீதமாக்குச்சு. ரெண்டு பூட்டும் இருந்துச்சு, கொஞ்சம் தளர்வா.

2017 நிதிச் சட்டம் ரெண்டையும் ஒரே நேரத்துல கழட்டுச்சு. 7.5 சதவீத வரம்பு போச்சு. லாபத்தோட இருந்த தொடர்பே போனதால, நஷ்டத்துல ஓடுற கம்பெனியும் எவ்வளவு வேணும்னாலும் தரலாம். எந்தக் கட்சிக்குன்னு கணக்குல சொல்லவும் தேவையில்ல. 2018 ஜனவரியில தேர்தல் பத்திரத் திட்டம் வந்துச்சு. எஸ்பிஐ கிளையில பத்திரம் வாங்கலாம், கட்சிகிட்ட கொடுக்கலாம். பத்திரத்துல உங்க பேர் இருக்காது. ஆனா ஒவ்வொரு பத்திரத்துலயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எண் இருந்துச்சு. புற ஊதா வெளிச்சத்துல வெச்சா தெரியும். அதே வருஷம் ஒரு பத்திரிகையாளர் அதைச் சோதிச்சு வெளியில சொன்னாங்க. பாதுகாப்புக்காக வெச்சதுதான்னு அரசு பதில் சொல்லுச்சு.

2024 பிப்ரவரி 15. தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அஞ்சு நீதிபதிகள் அமர்வு, பத்திரத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானதுன்னு ஒருமனதா தீர்ப்பு சொல்லுச்சு. வரம்பை நீக்கின திருத்தத்தையும் சேர்த்தே ரத்து பண்ணுச்சு. விவரங்களைக் கொடுக்க ஜூன் 30 வரைக்கும் டைம் வேணும்னு எஸ்பிஐ கேட்டுச்சு. வாங்கினவர் விவரம் ஒரு இடத்துல, கட்சி விவரம் வேற இடத்துல இருக்கு, பொருத்திப் பார்க்க நாள் ஆகும்னு காரணம் சொன்னாங்க. மொத்தமே இருபத்திரண்டாயிரத்துச் சொச்சம் பத்திரம்தான். நீதிமன்றம் ஒத்துக்கல.

முதல்ல வந்தது நான் சொன்ன அந்த ரெண்டு ஃபைல். நீதிமன்றம் மறுபடி கண்டிப்பாச் சொன்ன பிறகு, மார்ச் 21-ல எண்களும் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரி என் ஜாயின் ஓடுச்சு. பத்திரம் வாங்கினதுல முதலிடம், கோயம்புத்தூர் முகவரியில இருந்த லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதுல பெரும்பகுதி போனது திரிணாமுல் காங்கிரசுக்கும் திமுகவுக்கும். கட்சிகள்ல அதிகம் வாங்கினது பாஜக, வெளியான காலகட்டத்துல மட்டும் 6,000 கோடிக்கு மேல. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுறவரா இருந்தாலும் அந்த டேபிள்ல உங்களுக்கு உறுத்துற மாதிரி ஒரு வரியாவது இருக்கும்.

இப்போ 7.5 சதவீத வரம்பு திரும்பி வந்தாச்சு. அதோட பிரச்சினை முடிஞ்சுதா? 2013-லயே வந்த தேர்தல் அறக்கட்டளைத் திட்டம் இன்னும் இருக்கு. பல கம்பெனிகள் ஒரு அறக்கட்டளைக்குப் பணம் தரும், அறக்கட்டளை அதைக் கட்சிகளுக்குப் பிரிச்சுக் கொடுக்கும். யார் கொடுத்தாங்கன்னு ஒரு பட்டியல், யாருக்குப் போச்சுன்னு இன்னொரு பட்டியல். ரெண்டுமே வெளியில வரும். எந்தக் கம்பெனியோட பணம் எந்தக் கட்சிக்குப் போச்சுன்னு மட்டும் தெரியாது. மறுபடியும் ரெண்டு டேபிள், நடுவுல கீ இல்ல.

சதவீதம் 5-ஆ, 7.5-ஆன்னு அறுபது வருஷத்துக்கு மேல பேசியாச்சு. அந்தச் சதவீதம் தேவைதான். ஆனா பேர் தெரியலன்னா, வரம்பைத் தாண்டினாங்களா இல்லையான்னு பார்க்கவோ, கொடுத்த பணத்துக்குப் பதிலா என்ன கிடைச்சதுன்னு கேட்கவோ யாராலயும் முடியாது. அதனால தொகைக்கான பூட்டை விடப் பேருக்கான பூட்டைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன்.

இந்த வாரம் ஒரு சின்ன வேலை பண்ணுங்க. உங்க எஸ்ஐபி-யில முதல் பத்து இடத்துல இருக்கிற கம்பெனிகள்ல ஏதாவது ஒண்ணோட ஆண்டறிக்கையைத் திறங்க. அரசியல் நன்கொடைன்னு இருக்கிற இடத்தைத் தேடுங்க. கட்சி பேர் இருக்கா, அறக்கட்டளை பேர் இருக்கா, ஒண்ணுமே இல்லையான்னு பார்த்து எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சேர்ந்து பார்ப்போம்.