டச்சுப் பட்டினிக் குளிர்கால ஆய்வு

நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களின் பிற்கால உடல்நலத்தை ஆராயும் தொடர் ஆய்வு. 1944 செப்டம்பரில் நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பதிலடியாக, நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை நாட்டை ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர் தடுத்தனர். தடை தளர்ந்தபோதோ கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றுபோயின. பஞ்சம் முற்றியபோது ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான நாள் பங்கீடு 400 முதல் 800 கலோரிதான். டூலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். 1945 மே மாத விடுதலையோடு பட்டினியும் தீர்ந்தது.

தொடக்கமும் முடிவும் துல்லியமாகத் தெரிந்த பஞ்சம் என்பதே இதன் ஆய்வு மதிப்பு. மனிதரை வைத்து இப்படியொரு சோதனையை எவரும் நடத்த முடியாது, நடத்தவும் கூடாது.

ஆம்ஸ்டர்டாம் வில்ஹெல்மினா மருத்துவமனையில் 1943 நவம்பருக்கும் 1947 பிப்ரவரிக்கும் இடையே பிறந்த 2,414 பேரின் பிரசவப் பதிவேடுகளே முதன்மை ஆய்வுக்கு ஆதாரம். அவர்களில் பலரைச் சுமார் 50 வயதில் சோதித்தபோது, கருவில் பட்டினிக்கு உள்ளானவர்களின் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. முதல் மூன்று மாதங்களில் பாதிக்கப்பட்டவர்கள் சராசரியாக இயல்பான எடையோடுதான் பிறந்திருந்தார்கள். இதய நோயோ அவர்களிடம்தான் கூடுதலாகக் காணப்பட்டது. பிறப்பு எடை ஒன்றை மட்டும் வைத்து ஆபத்தைக் கணிப்பது போதாது என்பதற்கு இது வலுவான சான்று.

கருத்தரித்த காலத்தில் பட்டினி நேர்ந்தவர்களிடம், வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்-2 மரபணுவில், மரபணு இயக்கத்தைக் கட்டுப்படுத்த உதவும் வேதிக் குறிகளான மெத்தில் குறிகள் உடன்பிறந்தோரைவிடக் குறைவு என்று 2008இல் மற்றோர் ஆய்வு காட்டியது. இந்த மாற்றமே நோய்க்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை.