இரட்டைப் பதிவு நீக்கம் (பொருள்நோக்கு நிரலாக்கம்)

ஒரு பட்டியலில் ஒரே பொருள் பலமுறை ஏறியிருந்தால், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் களைவது இரட்டைப் பதிவு நீக்கம். வெறும் எண்களின் பட்டியல் என்றால் ஒரு வரியில் முடியும் வேலை. பொருள்நோக்கு நிரலாக்கத்தில், எப்போது இரண்டு பொருள்கள் ஒன்றாகும் என்பதை நிரலர் முதலில் சொல்லியாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, செம்பரம்பாக்கம் ஏரி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, ஆழம் 24 அடி. இந்த விவரங்களோடு ஜாவாவில் இரண்டு பொருள்களை உருவாக்கி, இரட்டைப் பதிவை ஏற்காத தொகுப்பான ஹேஷ்செட்டில் போட்டால், அது இரண்டையுமே வைத்துக்கொள்ளும். நாம் வேறு விதி எழுதாதவரை, நினைவகத்தில் தனித்தனியாக இருப்பவை ஜாவாவுக்கு வேறு வேறு பொருள்கள்தான். இதை மாற்ற, சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸ், எந்தப் பக்கெட்டில் (அறையில்) தேடுவது என்பதற்கான எண்ணைத் தரும் ஹேஷ்கோட் இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். ஈக்வல்ஸ் மட்டும் எழுதினால், சமமான இரண்டும் வெவ்வேறு பக்கெட்டில் விழுந்து, ஒப்பிடப்படாமலே போகலாம். பைத்தான் 3 இதில் கண்டிப்பானது: சம விதி மட்டும் எழுதிய கிளாஸின் பொருளைச் செட்டில் சேர்க்கவே விடாமல் பிழை காட்டிவிடும். பட்டியலின் வரிசை கலையாமலிருக்க ஜாவாவில் லிங்க்டுஹேஷ்செட் உண்டு, பைத்தானில் 3.7 பதிப்பு முதல் டிக்ட் போதும்.

ஏரியின் அன்றாட நீர்மட்டத்தை ஹேஷ் கணக்கில் சேர்ப்பது பெரும் தவறு. மழை பெய்து மட்டம் திருத்தப்பட்டதும், செட்டுக்குள் இருக்கும் அந்த ஏரியைத் தேடினால் கிடைக்காது. மாறாத விவரமே அடையாளமாக வேண்டும். அதேபோல, ஒரகடத்திலுள்ள ஒரு கார் ஆலையிலிருந்து ஒரே மாடலில், ஒரே நிறத்தில் வரும் இரண்டு கார்கள் இரட்டைப் பதிவு ஆகா. ஒவ்வொன்றுக்கும் 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேஸிஸ் எண் தனியே இருக்கிறது.

தமிழ்ப் பெயரை அடையாளமாக வைத்தால் வேறொரு சிக்கல். ஸ்ரீபெரும்புதூர், ஶ்ரீபெரும்புதூர்: பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதலாவதன் தொடக்க எழுத்து ஸ, யூனிகோடு எண் 3000. இரண்டாவதில் இருப்பது ஶ, எண் 2998. இது 2005இல் வந்த யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்ந்த எழுத்து. கண்ணுக்கு ஒரே ஊர், கணினிக்கு இரண்டு ஊர்.

'ஒரகடம்' போன்ற பெயர்களில் இத்தொல்லை இல்லை. 'கொளத்தூர்' என்பதில் வேறு வகையில் உண்டு: அதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் உள்ளிடலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் உள்ளிடலாம். அதை யூனிகோடு இயல்பாக்கம் ஒன்றாக்கிவிடும். ஸ்ரீயின் இரு வடிவங்களை அந்த இயல்பாக்கம் தொடுவதில்லை. ஆகவே ஊர்ப் பட்டியலைக் கையாளும் நிரலர்கள், பெயர்களை ஒப்பிடுமுன் ஶ்ரீ அனைத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வரியைத் தாங்களே எழுதிச் சேர்த்துவிட வேண்டும்.